மணல் இறங்காத கால்

அருகில் வாருங்கள், கண்மணிகளே. கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், கதவிடுக்கில் காற்று வருகிறது. இன்றைக்கு உங்களுக்கு ஓர் ஓட்டக்காரனின் கதை. இதில் ரத்தம் வரும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தமாட்டேன், ஆனால் உங்களைத் தனியாக விட்டுவிட்டும் போகமாட்டேன்.

எழுபதுகளில் நடந்தது. பீர்மேட்டைத் தாண்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் வீரபாண்டி என்று ஒருவன் இருந்தான். செடிகளுக்கு மருந்தடிக்கும் வேலை. பொழுது விடியுமுன் மலைப்பாதையில் ஓடிவிட்டுத்தான் மருந்துக் குடத்தை முதுகில் ஏற்றுவான். மாநில மாரத்தான் ஓட்டத்தில் முந்தின வருஷம் இரண்டாவதாக வந்தவன். இந்த மாசியில் எர்ணாகுளத்தில் முதலாவதாக வந்தால் போலீஸில் சேர்த்துக்கொள்வதாக ஓர் அதிகாரி வாய்திறந்து சொல்லியிருந்தார். லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றையறையை விட்டு வெளியேற அவனுக்கும் அவன் மனைவி குருவம்மாளுக்கும் இருந்த ஒரே வழி அந்த இரண்டு கால்கள்.

குருவம்மாளின் அப்பா மொக்கையன், கீழ் லயத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மலையேறுவதற்கு முன் கம்பம் பக்கத்தில் ரேக்ளா வண்டி ஓட்டியவர். மாட்டின் மூச்சைக் கேட்டே அது எத்தனையாவதாக வரும் என்று சொல்லுவார், அநேகமாகச் சரியாகவே இருக்கும். அந்தத் தெம்பில் மருமகனையும் கணித்தார்.

எஸ்டேட்டில் தைப் பொங்கலுக்கு ஓர் ஓட்டம் உண்டு. வண்டிப்பெரியாறு பாலத்தில் தொடங்கி, பாம்பனார் வழியாக ஏறி, எஸ்டேட் மைதானத்தில் முடியும். மாரத்தானில் சரிபாதி தூரம். போன பொங்கலுக்குத் தொழிற்சாலையின் காலைச் சங்கு ஊதும்போதே வீரபாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டான்.

பொங்கலுக்கு முந்தின நாள் டீக்கடையில் மொக்கையன் மீசையை நீவிக்கொண்டார். "இந்த வருசம் என் மாப்ள சங்குக்கு முன்னாடியே வந்து, பந்தல்ல உக்காந்து கரும்பு தின்னுட்டு இருப்பான்."

எதிரே மேல் லயத்துக் கங்காணி சூசையப்பன் இருந்தார். இரண்டு லயங்களுக்கும் தண்ணீர்க் குழாயிலிருந்து தொழிற்சங்கக் கொடி வரை எல்லாவற்றிலும் சண்டை. "வரலைன்னா?" என்றார் அவர்.

"மீசைய அங்கனயே எடுக்குறேன்."

"எடுக்குறதுக்கு ஆள் வேணும்ல. நான் கத்தியோட வாரேன். சோப்பு மட்டும் நீங்க கொண்டாந்துருங்க கங்காணி."

கடை முழுக்கச் சிரித்தது. மொக்கையன் சிரிக்கவில்லை.

வீட்டில் கால்களை வெந்நீரில் வைத்தபடி வீரபாண்டி சொன்னான்: "மாமா, சங்குக்குப் பெறகுதான் வருவேன். மாசிக்காக நெதமும் ஓடி ஓடிக் காலப் போட்டு அடிச்சு வச்சிருக்கேன். இப்ப அதுல ஓட்டம் கெடையாது, கனந்தான் கெடக்கு. கடைசி ரெண்டு வாரம் ஓய்வு குடுத்தாத்தான் தெளியும்."

"பழக்கத்துக்கு மணல் வண்டி இழுக்குற மாட்டை அன்னைக்கே பந்தயத்துல பூட்டுவீகளாய்யா?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"ஏன் பூட்டமாட்டேன்? மணலை எறக்கிப்புட்டா மாடு பறக்கும்டி."

அவர் பிழை அங்கேதான் இருந்தது, கண்ணுகளா. மாட்டுக்கு மணல் வண்டியில் இருக்கிறது, கொட்டிவிட்டால் போயிற்று. மனிதன் பழகும் பாரம் அவன் சதைக்குள்ளேயே இறங்கிக் கிடக்கிறது. அதை ஒரு காலையில் யாரால் கொட்ட முடியும்?

பொங்கலன்று பனி விலகுமுன் ஓட்டம் தொடங்கியது. பின்னால் எஸ்டேட் ஜீப். ஓட்டியவன் பிச்சைமணி, பக்கத்தில் மொக்கையன். அவர் காலடியில் துணி சுற்றி ஒரு பொருள் கிடந்தது. பிச்சைமணி கேட்கவில்லை.

பாம்பனார் வரை வீரபாண்டி முதலாவதாகத்தான் வந்தான். கூட ஓடியவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அவர்களை முந்துவது அல்லவே பேச்சு, சங்கை முந்துவது. ஏற்றத்தில் அவன் தொடைகள் கெட்டிப்பட்டன. வேகத்தைக் குறைத்து, மூச்சை ஒரே சீராக வைத்துக்கொண்டான். மாசிக்குக் காலைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் அவன் நினைப்பு.

மொக்கையன் துணியைப் பிரித்தார். தார்க்குச்சி. நுனியில் ஆணி வைத்த, மாடு விரட்டும் குச்சி.

"அவன ஒட்டி ஓட்டுடா," என்றார்.

"கங்காணி, அது வேணாம்," என்றான் பிச்சைமணி.

"ஒட்டி ஓட்டுடான்னேன்."

முதல் குத்து கெண்டைக்காலில் விழுந்தது. வீரபாண்டி எகிறிக் குதித்து, திரும்பிப் பார்க்காமல் பத்தடி பாய்ந்தான். மொக்கையன் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா, இருக்குடா ஓட்டம். ஒளிச்சு வச்சிருக்கான்." பாய்ச்சல் அடங்கியதும் இரண்டாவது குத்து. ரத்தம் குதிகாலுக்கு வழிந்து, தார்ச்சாலையில் ஒற்றைக்கால் தடமாகப் பதிந்தது.

"மாமா, நான் மாடு இல்ல."

மூன்றாவது குத்தை மொக்கையன் பலங்கொண்ட மட்டும் இறக்கினார். ஆணி சதைக்குள் போய், எலும்பில் இடறி முறிந்தது. அந்தச் சத்தம் பிச்சைமணிக்கு ஜீப் இரைச்சலையும் மீறிக் கேட்டதாம்.

வீரபாண்டி குச்சியைப் பிடித்து இழுத்தான். மொக்கையன் ஜீப்பிலிருந்து முகங்குப்புறச் சாலையில் விழுந்தார். முன்பல் இரண்டு கல்லில் தெறித்தன. எழுந்த வேகத்தில் குச்சியின் அடிக்கட்டையால் மருமகனின் முழங்காலுக்குப் பின்னால் அடித்தார். வீரபாண்டி அவர் கழுத்தைப் பிடித்துத் தேயிலைச் செடிக்குள் அழுத்தினான். கவாத்து வெட்டிய செடி. கிளைமுனைகள் கத்திபோல் நின்றன. கிழவரின் கன்னம் கிழிந்தது. இன்னும் அழுத்தியிருந்தால் கண் போயிருக்கும். மாமனாரின் மூச்சு, குருவம்மாள் அழும்போது வரும் மூச்சைப் போலவே விக்கி விக்கி வந்தது. அதைக் கேட்டுத்தான் அவன் கையை எடுத்தான்.

எழுந்து மறுபடி ஓடினான். நொண்டி நொண்டி ஓடினான். நின்றால் கால் மடங்கிவிடும். வராமல் போனால் இரண்டு லயமும் மைதானத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இரண்டும் அவனுக்குத் தெரியும்.

மொக்கையன் குச்சியோடு ஏறிக்கொள்ள, ஜீப் அவனை முந்திக்கொண்டு போனது. மொக்கையன் மைதானத்தில் இறங்கியபோது அவர் சட்டை முழுக்க ரத்தம். சங்கு ஊதியது. பாதையில் யாரும் இல்லை. சூசையப்பன் கொட்டாங்கச்சியில் தண்ணீரும் சவரக்கத்தியுமாக முன்னே வந்தார். "சோப்பு எங்க கங்காணி?"

மொக்கையன் கீழ் லயத்துக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "என் மருமகன் இவனுக பக்கம் சேந்துட்டான்டா. வேணும்னே மெதுவா வாரான். கேட்டதுக்கு என்னைய அடிச்சுப்போட்டான்."

முதல் கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கரும்புகள் உரித்துத் தின்ன வைத்தவை, அவற்றைக்கொண்டே மண்டைகளை உடைத்தார்கள். பொங்கல் பானை உருண்டு, கொதிக்கும் பால் ஒருவன் காலில் கொட்டியது. அந்த அமளிக்குள்தான் வீரபாண்டி வந்து சேர்ந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தவன்மேல் பாய்ந்தது மேல் லயமல்ல, அவனுடைய சொந்த லயம். கூடச் சோறு தின்றவர்கள் அவன் விலாவில் உதைத்தார்கள்.

குருவம்மாள் கொழுந்துக் கூடையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு புகுந்தாள். குறுக்கே வந்தவன் மூக்கு உடைந்தது. புருஷன்மேல் குப்புறப் படுத்து மறைத்தாள். அப்போதுதான் அவன் கெண்டைக்கால் அவள் கண்முன் வந்தது. சதைக்குள் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. விரலுக்கு வழுக்கியது. வாய் வைத்து, பல்லால் கடித்து இழுத்தாள்.

ஆணி. பாதிதான் வந்தது.

சிறுவயதில் தகப்பன் மடியில் உட்கார்ந்து அவள் தொட்டு விளையாடிய ஆணி அது. அதைப் பல்லில் கடித்தபடியே எழுந்தாள். உதட்டில் புருஷனின் ரத்தம். மொக்கையன் கையில் ஆணியில்லாத குச்சி. எல்லோரும் இரண்டையும் பார்த்தார்கள். கற்களைக் கீழே போட்டார்கள்.

அவள் சூசையப்பனிடம் போய்க் கையை நீட்டினாள். "கத்தியக் குடுங்க மாமா."

"நான் சும்மா வெளையாட்டுக்குக் கொண்டாந்தேன் தாயி."

"குடுங்க."

தகப்பனைத் தரையில் உட்காரவைத்து, தலையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டாள். தண்ணீர்கூடத் தொடவில்லை. காய்ந்த ரத்தத்தோடு மீசையை இழுத்துச் சிரைத்தாள். கத்தி மேலுதட்டைக் கீறியது. "அசையாதீக அய்யா. மாடு அசைஞ்சா என்ன செய்வீகன்னு தெரியும்ல." கிழவர் அசையவில்லை. இரண்டு லயமும் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அங்கே சண்டை போட ஒருவருக்கும் கை வரவில்லை.

மீதி ஆணியை டிஸ்பென்சரியில் எடுத்தார்கள். அதற்குள் சீழ் வைத்துவிட்டது. கெண்டைச் சதையில் ஒரு கைப்பிடி போயிற்று. மாசியில் எர்ணாகுளத்தில் வேறொருவன் முதலில் வந்தான். அவன் ஓடி முடித்த நேரத்தைப் பிச்சைமணி வந்து சொன்னான். வீரபாண்டி கேட்டுவிட்டு, "நான் போன வருசமே இதைவிடச் சீக்கிரம் வந்தேன்," என்றான். லயத்து ஒற்றையறை அவர்களுக்கு அப்படியே நிலைத்தது.

ஒரு நாள் மொக்கையன் வாசலில் வந்து நின்றார். உதட்டில் தழும்பு, அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை.

"மாப்ளே, என் கணக்கு தப்பிப்போச்சு."

"எங் கணக்குத் தப்பல மாமா. சங்குக்குப் பெறகு வருவேன்னு சொன்னேன். வந்தேன்."

குருவம்மாள் தகப்பனுக்கு ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கதை இவ்வளவுதான், என் செல்லங்களே. கையை விட்டுவிடலாம். உங்கள் வீட்டில் ஓடுகிற கால்களெல்லாம் முள் தைக்காமல் வீடு திரும்பட்டும். களைத்தேன் என்று ஒருவர் சொன்னால், நம்புகிற ஒருவர் அந்த வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் பால் பொங்கட்டும், வாசல் யாருக்கும் சாத்தாமல் இருக்கட்டும்.