பச்சை பிடிக்கும் வரை

கல்லணையில் கிளை பிரிந்து, கிளையும் கிளைத்து, முடிகொண்டான் ஆறென்னும் பெயரோடு நன்னிலத்து வயல்களுக்குள் நுழைந்த காவிரி நீர், மடை மடையாய் இறங்கி, வரப்புக்கு வரப்பு ததும்பி, உருக்கிய வெள்ளியை ஊரெங்கும் ஊற்றி ஆறவைத்தாற்போல் கிடந்த புரட்டாசிக் காலை அது. கொக்குகள் சேற்றில் ஒற்றைக்கால் ஊன்றி நின்றன. ஞாயிறு பனைகளின் தோள்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அறிவுடையீர், பேருந்துப் பலகணி வழியே பார்த்துவிட்டு அழகு, அழகு என்று சொல்லிப் போகிறவர்களை நம்பாதீர்கள்! அந்த அழகுக்குள் குனிந்து நிற்கும் பெண்களின் இடுப்புவலி அவர்களுக்குத் தெரியாது.

அப்பெண்களுக்குத் தலைவி ராசம்மாள். நூல் பிடித்ததுபோல் நாற்றை நிறுத்தும் விரலும், ஊர் கடந்து கேட்கும் குரலும் உடையவள்; பகலில் பாயில் முதுகு சாய்த்தறியாதவள். அதோடு விட்டாளா? பகலில் கண்ணயர்ந்த பெண் யாராயினும், அவள் வாசலில் நின்று, "மகாராணி எந்திரிச்சாச்சா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டவள். அத்தகையவளுக்குத் திருவாரூர் மருத்துவமனையில் வயிற்றை அறுத்துக் கருப்பையை எடுத்தார்கள். தையல் பிரிந்தால் இனி நடவுக்குக் குனியும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் கடுமையாகச் சொல்லி அனுப்பினார்.

கணவன் மருதையன், வீட்டை ஒட்டிய வயற்கரையில், புங்க மர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தான். படுத்தாளா என்றால், படுத்தாள். முள்மேல் படுத்தாற்போல் படுத்தாள். தான் பிறரைக் கேட்ட கேள்வியே திரும்பி வந்து காதில் ஒலிக்க, வரப்பில் காலடி ஓசை கேட்டதும் எழுந்தமர்ந்து மடியில் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு புடைக்கத் தொடங்குவாள். அந்த முறத்தில் ஒரு மணி நெல்லும் கிடையாது.

அவள் இல்லாமலே அவளுடைய வயலை நட்டு முடித்திருந்தார்கள். நடவுக்கு முன்னின்றவள் ஓரகத்தி சுடர்விழி. நட்ட மூன்றாம் நாள், ராசம்மாள் கட்டிலிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள். வெயில் பட்டு வெளிறி, தாள் துவண்டு, வயல் முழுவதும் நாற்றுகள் படுத்துக் கிடந்தன. பார்த்ததுதான் தாமதம், சேலையை வரிந்து சேற்றில் இறங்கி, ஒரு நாற்றை நிமிர்த்தக் குனியப் போனாள்.

"அக்கா! நில்லு! வயித்துல தையலை வச்சுக்கிட்டு எங்க எறங்குற?" என்று வாய்க்கால் கரையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள் சுடர்விழி.

"நட்டிருக்கிற லட்சணத்தைப் பாருடி! அத்தனையும் படுத்துக் கெடக்கு. போறவன் வர்றவன் சிரிக்கவா?"

"நட்ட மூணாம் நாளு படுக்காத நாத்தை நீ எங்க பாத்த? வேரறுந்து வந்த பயிரு, பச்சை புடிக்கிற வரைக்கும் அப்படித்தான் கெடக்கும். தொட்டா செத்துப்போகும்னு என் கையில அடிச்சவ யாரு?"

ராசம்மாளின் கை நாற்றுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"நான்தான்."

"அன்னிக்கு அந்த நாத்துகிட்டப் போயி, மகாராணி எந்திரிச்சாச்சான்னு கேட்டியா?"

ராசம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, சிரிக்க வைக்காதடி. தையல் இழுக்குது."

"அப்பப் போயிப் படுங்க, மகாராணி."

கால் கழுவிக் கரையேறியவள் வயலைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றின் கண்ணெதிரே, கொக்கின் காலடியிலே, வருவோர் போவோர் அனைவரும் காண, நாணமின்றி, யாரிடமும் பொறுத்தருளும்படி கேளாமல் படுத்துக் கிடந்தன அந்நாற்றுகள். காவிரி அவற்றை எழுப்பவில்லை, காற்றும் கடிந்துகொள்ளவில்லை. ஆண்டாண்டாய்ப் பயிருக்கு அளித்த அந்த உரிமையைத் தனக்கு மட்டும் மறுத்தவள் யார் என்று எண்ணினாள். விடை தெரிந்ததும் போய்க் காலை நீட்டிப் படுத்தாள்.

அவ்வழியே நாள்தோறும் நடை போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கல்யாணம் அன்றும் வந்தார். நடவுத் தலைவி நண்பகலில் படுத்திருப்பது கண்டு திகைத்து நின்றார்.

"என்ன ராசம்மா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேங்க. படுத்திருக்கேன்."

இன்னும் ஏதோ சொல்வாள் என்று நின்றார் அவர். ராசம்மாளோ அந்த வெறும் முறத்தை எடுத்து, கண்ணில் விழுந்த வெயிலுக்கு மறைவாக முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் முறத்தின் அடியிலிருந்து குறட்டை எழுந்தது. அவர் செருப்போசை எழாமல் நடந்து போனார்.

பயிர் பச்சை பிடித்து நிமிர்ந்த விடியலிலும் அவள் உறங்கிக்கொண்டுதான் இருந்தாள். எழுப்பப் போன மருதையனைச் சுடர்விழி கைகாட்டி நிறுத்திவிட்டாள்.

தையில் கதிர் சாய்ந்தது, களம் நிறைந்தது. அடுத்த குறுவை நடவுக்கு ஆற்றில் நீர் வந்தபோது, ஆறிய வயிறும் அடங்காத குரலுமாக ராசம்மாள் சேற்றில் இறங்கினாள். அவள் விரல் பட்ட நாற்று முன்போலவே நூல் பிடித்து நின்றது. உச்சி வெயில் ஏறியதும், நடவுப் பெண்கள் அனைவரும் கரையேறிப் புங்க நிழலில் வரிசையாகப் படுத்தார்கள். படுத்ததை ஒளிக்க எவர் மடியிலும் முறம் இல்லை. எல்லாருக்கும் முன்னதாகப் படுத்தவள் தலைவி. வரப்புக்கு அந்தப் பக்கம் அன்று காலை நட்ட நாற்றும், இந்தப் பக்கம் அதை நட்டவர்களும், ஒரே காற்றில், ஒரே வெயிலில், எழும் வேளை வரும்வரை கிடந்தார்கள்.