ஒத்திகைக்கு மட்டும்

தொலைபேசியை வைத்துவிட்டு வந்த பேரின்பநாதன் சோற்றைத் தொடவில்லை. சோற்றுக் கோப்பையைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த இசை நிகழ்ச்சி அறிவிப்புத் துண்டைப் பிய்த்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வெளிக்கிடு," என்றார்.

யோகராணி அடுப்பை நிறுத்தினாள். கணவர் சத்தம் போடாத நாளில்தான் கூடப் பயப்பட வேண்டும் என்பதைப் பதினொரு வருடக் குடித்தனம் அவளுக்குக் காட்டியிருந்தது. எங்கே என்று அவள் கேட்கவில்லை. சேலைக்கு மேல் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மார்ச் மாதத்து அழுக்குப் பனி பார்க் அவெனியூவின் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது. இரண்டு சிவப்பு விளக்குகளைக் கார் தாண்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"என்னோடை வேலை செய்யிற ஸ்ரீதரன் போன் எடுத்தவன். இவள் வித்தியா போயிருக்கிற இடம் என்ன இடம் எண்டு தெரியுமே? பொம்பிளையும் பொம்பிளையும் புருசன் பெண்சாதி மாதிரிச் சீவிக்கிற கூட்டமாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறான்."

யோகராணி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய தங்கை வித்தியாவுக்கு முப்பது வயது. தகப்பன் அருமைராசா யாழ்ப்பாணத்தில் மிருதங்க வித்துவான். மகன் பேரின்பநாதன் பெயின்ற் வேலைக்குப் போய்விட, கதவைச் சாத்திவிட்டு மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் அலைந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோதும் அவள் கையில் அந்த மிருதங்கம் இருந்தது. இங்கே ஒரு நடனப் பள்ளிக்கு அவள்தான் வாசித்தாள். ஆனால் ஒத்திகைக்கு மட்டும். ஆறு மாதம் அவள் வாசிப்புக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள், அரங்கேற்றத்தன்று ரொறன்ரோவிலிருந்து வந்த ஆம்பிளையின் வாசிப்புக்கு ஆடினார்கள். மேடையில் பெண் மிருதங்கத்தோடு இருந்தால் சபைக்கு அழகில்லை என்று எல்லோருமே சொன்னார்கள். ஒரு தடவை பனிப்புயலில் அந்த வித்துவானின் கார் வழியில் நின்றுவிட்டது. ஐம்பது நிமிடம் திரையைத் திறக்காமல் சபை காத்திருந்தது. மூன்றாவது வரிசையில், யோகராணிக்குப் பக்கத்தில், வித்தியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளைக் கூப்பிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாய் திறக்கவில்லை. யோகராணியும் திறக்கவில்லை.

இந்த நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்கியதும் யோகராணி வழியாகத்தான். வளர்ந்த தங்கையோடு அண்ணன் நேரில் பேசுவது அந்த வீட்டில் குறைவு. அவள் கேட்பது இவளிடம் வரும். அவர் சொல்வது இவள் வாயால் போகும். பாடுகிறவர், வாசிக்கிறவர், விளக்குப் போடுகிறவர், ஒலிபெருக்கி பிடிக்கிறவர், பார்க்க வருகிறவர் என்று அத்தனை பேரும் பெண்கள்தான், ஆண்களுக்கு இடமில்லை என்று துண்டில் போட்டிருந்தது. பேரின்பநாதன் அதை இரண்டு தடவை வாசித்தார். மனம் குளிர்ந்துபோனார். துண்டைப் பெட்டிக் கதவில் ஒட்டியது அவர்தான். அடுத்த சனிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து வித்தியாவைப் பெண் பார்க்க வரவிருக்கும் புஷ்பராணி அம்மாவிடம், எங்கள் பிள்ளை ஆம்பிளைகளுக்கு முன்னால் வாசிக்கிறதில்லை என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னதும் அவர்தான்.

வித்தியாவின் தோழி றோசலினையும் அவருக்குப் பிடித்திருந்தது. மன்னார்ப் பெண், லாசாலில் ஒரு தொழிற்சாலையில் மின்சார வேலை. ஒத்திகை முடிந்து வித்தியாவை மெற்றோ ரயிலில் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவாள். "அந்தப் பிள்ளைக்குச் சோறு குடுத்து அனுப்பு," என்பார் அவர். ஒரு பொடியன் அப்படி வந்திருந்தால் தெருமுனையோடு நின்றிருப்பான்.

மண்டபம் ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. வாசல் மேசையில் இருந்த நரைமுடிப் பெண் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னாள். யோகராணியைப் பார்த்து உள்ளே கை காட்டினாள். பேரின்பநாதனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தங்கையைக் கூப்பிட வேண்டும் என்று அவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். அவள் சிரித்த முகத்தோடு மறுத்தாள்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ போ. கையோடை கூட்டிக்கொண்டு வா. அந்த றோசலினோடை ஒரு கதையும் வேண்டாம்."

யோகராணி உள்ளே போனாள். நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். சுவர் முழுக்கப் பழைய சுவரொட்டிகள், இசைத்தட்டு உறைகள். பல உறைகளில் முதற்பெயர் மட்டுமே போட்டிருந்தது. முழுப் பெயர் தெரிந்தால் வேலை போகும், பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் அவர்கள் என்று பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதியிருந்தது. தையல் ஆலை வேலையில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அதை வாசிக்கப் போதுமானதாக இருந்தது. வாசித்த பிறகு அவளால் உடனே நகர முடியவில்லை.

மேடை ஓரத்தில் வித்தியா தரையில் சம்மணமிட்டு, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பிசைந்த ரவை மாவைப் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

"அண்ணை வெளியிலை நிக்கிறாரோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

"ஸ்ரீதரன். கையோடை கூட்டிக்கொண்டு வரட்டாம்."

வித்தியா விரலில் ஒட்டியிருந்த மாவைத் துணியில் துடைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே, மச்சாள்?"

யோகராணி திரும்பிப் பார்த்தாள். மண்டபத்தின் நடுவில், பொத்தான்கள் நிறைந்த ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்னால், காதில் ஹெட்போனோடு றோசலின் நின்றிருந்தாள். அவள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த முகம். எத்தனையோ ஞாயிறு தன் குசினியில் வெங்காயம் வெட்டித் தந்த அதே முகம். யோகராணி கனநேரம் அதைப் பார்த்தாள்.

"றோசலினோ?" என்றாள் கடைசியில்.

"ஓம். நாலு வருசமா."

பின்னால் யாரோ கதிரைகளை இழுக்கும் சத்தம்.

"இப்ப வெளியிலை வந்தன் எண்டால், பேந்து ஒருநாளும் மேடையிலை ஏற மாட்டன்," என்றாள் வித்தியா. "அது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கோ. போவமெண்டால் இதை உறைக்குள்ளை வைக்கிறன்."

அவள் கை உண்மையிலேயே உறையை எடுத்திருந்தது. அந்தத் துணி உறையை யோகராணிதான் போன வருடம் தைத்துக் கொடுத்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். மடித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே போய் முதல் வரிசையில் ஒரு கதிரையில் இருந்தாள்.

அறிவிப்பாளப் பெண் ஒலிவாங்கிக்கு வந்தாள். இருபது வருடத்துக்கு முன் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தன்னைக் கருவிகளைத் தொட விடவில்லை என்றும், அதனால் பத்துப் பெண்கள் சேர்ந்து மின்கம்பி இழுப்பதிலிருந்து இசைத்தட்டு அச்சடிப்பதுவரை தாங்களே பழகியதாகவும், தங்கள் காதலைத் தங்கள் வாயாலேயே பாடியதாகவும் சொன்னாள். அப்படித் தொடங்கிய பெண்கள் இசைக் கழகங்களில் பாதி இப்போது இல்லை என்றாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பிறகு பெயரை வாசித்தாள். வித்தியா அருமைராசா. முழுப் பெயர்.

மிருதங்கத்தில் முதல் அடி விழுந்தது. யோகராணி அந்தச் சத்தத்தைச் சாத்திய அறைக்கு வெளியிலிருந்துதான் இதுவரை கேட்டிருக்கிறாள். கூடச் சேர்ந்து கிற்றார் வாசித்த வெள்ளைக்காரப் பெண் நடுவில் கையை எடுத்துவிட்டு வித்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக வாசித்தபோது வித்தியா ஒருமுறைகூடச் சபையைப் பார்க்கவில்லை.

நடுவில் வாசல்பெண் குனிந்து வந்து, வெளியே அந்த மனிதர் மறுபடி கேட்கிறார் என்று யோகராணியின் காதில் சொன்னாள். யோகராணி 'மெர்சி' என்று நன்றி சொன்னாள். எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே கார் ஹோர்ன் அடித்தது. மூன்று தடவை. பிறகு அதுவும் நின்றது.

நாலரைக்கு எல்லாம் முடிந்தது. யாரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. கம்பிகளைச் சுற்றினார்கள், விளக்குகளைக் கழற்றினார்கள். சாமான் ஏற்றுவதற்கு ஆள் பிடிக்கும் வழக்கம் அங்கே இல்லை, வந்திருந்தவர்களே தூக்கினார்கள். ஒரு பெரிய ஒலிபெருக்கியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு றோசலின் தனியே நின்றாள். யோகராணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"அக்கா, வேண்டாம். பாரம்," என்றாள் றோசலின்.

"தூக்கு."

படியேறி வெளியே வந்தபோது பேரின்பநாதன் கதவடியில் நின்றார். மூக்கு சிவந்து போயிருந்தது. மனைவியைப் பார்த்தார். ஒலிபெருக்கியின் மறுபக்கத்தைப் பிடித்திருப்பவளைப் பார்த்தார்.

"எங்கை அவள்?"

"உள்ளுக்கு நிக்கிறாள். வேலை கிடக்கு."

"நான் என்ன சொல்லி உன்னை அனுப்பினனான்?"

"சொன்னதைச் சொன்னனான். அவள் வரேல்லை. நான் கூப்பிடவும் இல்லை." யோகராணி ஒலிபெருக்கியில் பிடியை மாற்றிக்கொண்டாள். "புஷ்பராணி அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ, வர வேண்டாமெண்டு. என்னாலை ஏலாது."

அவர் ஒரு அடி முன்னுக்கு வைத்தார். பின்னால் படியில் ஏழெட்டுப் பெண்கள் பெட்டிகளும் கம்பிச் சுருள்களுமாக, வழி விடக் காத்து நின்றார்கள்.

"தள்ளி நில்லுங்கோ," என்றாள் யோகராணி. "கை வலிக்குது."

அவர் பனிக்குவியலுக்குள் கால் புதையத் தள்ளி நின்றார். யோகராணியும் றோசலினும் ஒலிபெருக்கியை வான் வண்டிக்குள் ஏற்றிவிட்டு, அடுத்ததை எடுக்க உள்ளே போனார்கள்.