காந்தத்தில் ஒட்டாத மாத்திரை

வயது நாற்பதை நெருங்கிவிட்டது, தலையில் பாதி நரை. ஆனாலும் பெயர் என்னவோ சின்னப்பையன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் அவனுக்கு மண் வேலை. உருக்கின இரும்பை ஊற்றுகிற அச்சுக்கு மண் பிசைய வேண்டும். ஊற்றி ஆறினதும் அந்த மண்ணை உடைத்துச் சலித்து, அதில் சிந்திக் கிடக்கிற இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் பொறுக்கி எடுக்க வேண்டும். பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழட்டின காந்தம் அது, நடுவில் ஓட்டை போட்டு முறுக்கு மாதிரி இருக்கும். ஒரு தடவை பிடித்தால் விடாது.

சாயங்காலம் மேனாம்பேட்டில் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அவன் உடம்பில் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. குளிக்காமல் உள்ளே கால் வைக்க அவன் பெண்சாதி கன்னியம்மா விட்டதே இல்லை. அப்படிப்பட்டவள், எண்பத்தெட்டாம் வருஷம் வெயில் காலத்தில், வயிற்றில் நாலு மாசத்தோடு வாசலுக்கே வந்து அவன் சட்டையைக் கழட்டி வாங்கினாள். வாங்கி மூக்கில் வைத்து, மல்லிகைப் பூவை மோந்து பார்க்கிற மாதிரி கண்ணை மூடி இழுத்தாள். மறுநாளும் அப்படியே செய்தாள்.

சின்னப்பையனுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் சுலைமானிடம் சொல்லிவிட்டான். சுலைமான் அதே பவுண்டரியில் கொதிக்கிற இரும்பைக் கரண்டியில் மொண்டு ஊற்றுகிறவன்.

"கட்டி பத்து வருசம் கயிச்சு என் பொண்டாட்டிக்கு என்மேல ஆசை வந்துகீது மாமே."

சுலைமான் பெருமூச்சு விட்டான். "நான் அத்தர் பூசிகினு போனாலும் என் ஊட்ல திரும்பிப் பாக்கறதில்ல. நீ கருகின மண்ணப் பூசிகினு போய் ராஜாவா கீற. போ."

அந்த ஆசைக்கு ஆயுசு நர்சம்மாவைப் பார்க்கிற வரைக்கும்தான். தாய்சேய் நிலையத்து நர்சு லோகநாயகி, கன்னியம்மாவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். சோற்றுக் கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. இவள் என்னத்தைத் தின்கிறாள் என்று கேட்டாள். கன்னியம்மாவை முந்திக்கொண்டு சின்னப்பையன்தான் மார்பை நிமிர்த்திக்கொண்டு சட்டைக் கதையைச் சொன்னான்.

"அது ஆசை இல்லய்யா," என்றாள் நர்சம்மா. "ரத்தத்துல இரும்பு இல்ல. அதான் மண்ணுக்கும் சாம்பலுக்கும் நாக்கு அலையுது. ஊட்ல போயி அரிசிப் பானைக்குப் பின்னாடி பாரு."

போய்ப் பார்த்தான். கடித்து மிச்சம் வைத்த சிலேட்டுப் பல்பம் ஒரு பிடி இருந்தது. பல்பத்தைத் தொலைத்துவிட்டாள் என்று பெரிய பெண் வாங்கின உதை அத்தனையும் அவன் கண்முன் வந்து போயிற்று.

அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு நின்றது. போன பிரசவத்தில் கன்னியம்மாவுக்கு ரத்தம் நிற்காமல் போனது. பாயோடு சேர்த்து ஆட்டோவில் தூக்கிப் போட்டபோது அவள் காலிச் சாக்கு கனம்தான் இருந்தாள். பிழைத்ததே பெரிய விஷயம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவையும் இருக்கிற ரத்தத்தோடு போனால் தாங்க மாட்டாள், பிரசவத்துக்குள் அந்த இமை சிவந்தாக வேண்டும் என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். சிவப்பு மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்தாள். மாத்திரை வேலை செய்தால் வெளிக்குப் போவது கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

இதைச் சின்னப்பையனிடம் சொல்லியிருக்கவே கூடாது. பொழுது விடிந்தால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டு, "இன்னாமே, கறுப்பா?" என்று கேட்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கேட்கிற மாதிரி கேட்பான். கன்னியம்மா முதலில் திட்டினாள், பிறகு சொம்பை விட்டு எறிந்தாள். கறுப்பு மட்டும் வரவில்லை. ஒரு மாசம் விடாமல் தின்றும் இமை வெளுத்தபடியே இருந்தது. சட்டை மோப்பமும் நிற்கவில்லை.

ஒருநாள் மண் சலித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மாத்திரையில் இருப்பது இரும்பு என்கிறார்கள். தன் கையில் இருப்பது காந்தம். அப்புறம் என்ன? மறுநாள் ஒரு மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு வந்து காந்தத்தின் மேல் வைத்துக் கவிழ்த்தான். மாத்திரை தொப்பென்று மண்ணில் விழுந்தது. சுலைமான் வாங்கி அவனும் ஒருதரம் கவிழ்த்தான். மறுபடியும் விழுந்தது. இதில் இரும்பும் இல்லை ஒரு எழவும் இல்லை என்று இரண்டு பேரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, காந்தத்தோடு தாய்சேய் நிலையத்துக்குப் போனான். பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையாக பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மாவும் அதில் ஒருத்தி. அத்தனை பேர் முன்னாலும் வித்தை காட்டுகிறவன் மாதிரி மாத்திரையைக் காந்தத்தில் வைத்துக் கவிழ்த்துக் காட்டினான். கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நர்சம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. இது உப்பாக மாற்றின இரும்பு, காந்தத்துக்கு அகப்படாது, வயிற்றில் கரைந்து ரத்தத்தில் சேரும் என்று விளக்கினாள். அதோடு விட்டிருக்கலாம். இவன் மண்டையில் ஏறட்டும் என்று ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மாத்திரையை உள்ளே போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள். வரிசை முடிவதற்குள் மாவாகக் கரைந்துவிடும் பார் என்றாள்.

வரிசை நகர்ந்தது. எல்லார் கண்ணும் தம்ளரில். முதலில் சாயம் போய்த் தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆனது. உள்ளே மாத்திரை வெள்ளைக் கூழாங்கல்லாக உட்கார்ந்திருந்தது. வரிசை முடிந்தது. மாத்திரை அசையவில்லை. கோழி முட்டையை வைத்திருந்தால் இந்நேரம் குஞ்சாவது பொரித்திருக்கும் என்று ஒருத்தி சொல்ல, பெஞ்சியே குலுங்கியது. நர்சம்மா வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். கடைசியில் அதை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். டங்கென்று சத்தம் வந்தது.

இப்போது நர்சம்மா சிரிக்கவில்லை. சின்னப்பையனும் சிரிக்கவில்லை. ஒரு மாசமாகக் கன்னியம்மா வயிற்றுக்குள் போய்வந்தது இந்தக் கல்தான்.

யார் யாருக்குக் கறுப்பாகப் போனது என்று நர்சம்மா கேட்டாள். பழைய டின் மாத்திரை மிச்சம் வைத்திருந்த இரண்டு பேர்தான் கையைத் தூக்கினார்கள். போன மாசம் வந்த புது டின்னில் வாங்கினவர்கள் ஒருத்தர்கூடத் தூக்கவில்லை.

"உன் காந்தத்துக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா," என்றாள் நர்சம்மா மெதுவாக. "ஆனா நீ வந்தது நல்லதாப் போச்சு. டின்ன தூக்கு."

பூந்தமல்லியில் மருந்து ஸ்டோருக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். டின் அவன் தோளில், காந்தம் லுங்கி மடிப்பில். ஸ்டோர் அதிகாரி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, கம்பெனி பேர் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்றார். நர்சம்மா தம்ளர் கதையைச் சொன்னாள். வயிறு வேறு தம்ளர் வேறு, அடுத்த மாசம் பார்க்கலாம், போய் வாருங்கள் என்று எழுந்துவிட்டார். நர்சம்மா சோர்ந்துபோய் வாசல் வரைக்கும் நடந்தாள்.

சின்னப்பையன் நகரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவில் சாய்ந்தபடி விறைப்பாக நின்றான். போய்யா என்றார் அதிகாரி. நிற்கிறான். பியூன் வந்து போ என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், நெற்றியில் வேர்வை. விஷயம் என்னவென்றால், மடியில் இருந்த காந்தம் பீரோவை டக்கென்று பிடித்துக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைத்தால் லுங்கி பீரோவோடு நின்றுவிடும். அதை நர்சம்மா முன்னால் எப்படிச் சொல்வது?

அதிகாரி வேறு மாதிரி புரிந்துகொண்டார். எஸ்டேட் ஆள், பின்னால் யூனியன் இருக்கும், இன்றைக்கு ஒருத்தன் நிற்பான், நாளைக்கு வாசலில் கொடி நடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கம்பெனி டின் ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நர்சம்மா திரும்பி வந்து, அவருடைய மேசைத் தண்ணீரிலேயே ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் மாத்திரை பூத்து, உதிர்ந்து, சேறாக அடியில் படிந்தது. அதிகாரி அவர்கள் கொண்டுவந்த டின்னை மேசைக்கு அடியில் தள்ளினார்.

வழியெல்லாம் நர்சம்மா அவன் பிடிவாதத்தைப் புகழ்ந்துகொண்டு வந்தாள். பீரோவிலிருந்து எப்படிக் கழண்டான் என்பது அவனுக்கும் பியூனுக்கும் மட்டும் தெரியும்.

புது மாத்திரை தின்ன ஆரம்பித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கன்னியம்மா கொல்லையிலிருந்து வந்தவள், அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"கறுப்புதான்யா. போ, போயி ஊரெல்லாம் தமுக்கு அடிச்சிட்டு வா."

பிரசவத்தை இப்போதே சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு மனசு அங்கேயே நிற்கும். அடைமழையில் ஆண் பிள்ளை பிறந்தது. ரத்தம் போகத்தான் போனது. ஆனால் போன பிறகும் அவள் உடம்பில் மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கேட்டாள்.

ஆனால் சின்னப்பையன் இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்வது பிள்ளை பிறந்த கதையை இல்லை. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலக் கதையை. வழக்கம்போல வாசலில் நின்று, சட்டையைக் கழட்டி அவளிடம் நீட்டினான். கன்னியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"த்தூ, இன்னா நாத்தம்யா இது. அங்கியே நில்லு. குளிச்சிட்டு உள்ள வா."

அவன் கிட்டே போய்க் கரி அப்பின விரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தான். உள்ளே நல்ல செம்பருத்தி நிறம். கையைத் தட்டிவிட்டுத் திட்டினாள். கிணற்றடிக்குப் போய் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தான்.

மறுநாள் டீக்கடையில் சுலைமான் கேட்டான், பொண்டாட்டி ஆசை எப்படி இருக்கிறது என்று.

"சுத்தமாப் போயிடுச்சு மாமே," என்றான் சின்னப்பையன், முகமெல்லாம் பல்லாக. "கிட்டயே சேக்க மாட்டேன்றா."