வட்டத்துக்குள் லவெர்ன்

...இல்லை, முழங்காலைக் குற்றம் சொல்லக்கூடாது, பாவம், முப்பது வருஷம் பள்ளிப் பேருந்தின் பிரேக்கை மிதித்த கால் அது, இந்த மட்டும் வளைகிறதே என்று நன்றிதான் சொல்லவேண்டும், ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் வந்து ஆடும் வட்டத்தின் ஓரத்தில் லவெர்ன் தோளை ஆட்டிக்கொண்டே நின்றாள். சனிக்கிழமை மத்தியானம், பிராங்க்ஸ் சமூகக்கூடத்தின் கூடைப்பந்துத் தரை, ஒலிபெருக்கியின் அதிர்வு உள்ளங்காலில் ஏறுகிறது... எதிரே இருக்கிற பூங்காவில்தான் அந்தக் காலத்தில் பையன்கள் ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து ஆடினார்கள், சர்ச்சுக்குப் போகிற பெண்ணுக்கு அங்கே என்ன வேடிக்கை என்று அம்மா சன்னலைச் சாத்தினாள், சாத்திய பிறகும் கால் தாளம் போட்டதே, அது அம்மாவுக்குத் தெரியுமா? ஐம்பத்தெட்டு வயதில் ஹிப் ஹாப் ஆட்டம் கற்க வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பயந்தாள். சிரித்திருந்தால் தேவலை. என்ன செய்தாலும் கைதட்டல்! தாளம் தப்பினாலும் "சூப்பர், மிஸ் லவெர்ன்!", இடது வலது மாறினாலும் "கலக்கிட்டீங்க, மிஸ் லவெர்ன்!", நடை பழகும் குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி... அந்தக் குட்டி ஷனிஸ் சொதப்பினால் யாராவது தட்டுகிறார்களா? முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இன்றும் அதே சர்க்கரைக் கைதட்டல்தான் என்றால் இனிமேல் வருவதில்லை, காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்தாகிவிட்டது.

எப்போது உள்ளே போனாள்? கால்தான் போனது, அவள் பின்னால் போனாள். வாரம் முழுக்கச் சமையலறையில் பழகிய அடி, குதிகாலைத் திருப்பி, விழுவது போலச் சரிந்து, விழாமல் எழுந்து தோளைத் தட்டிவிடுவது, ஐயோ, தாளத்தில் விழுந்துவிட்டதே, சரியாக விழுந்துவிட்டதே! யாரும் தட்டவில்லை. எதிரில் ஷனிஸ் இரண்டு கைகளையும் நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக, முதலை வாய் மாதிரித் திறந்து திறந்து மூடினாள். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஆகா, இது கைதட்டலைவிடப் பெரிய மரியாதை போலிருக்கிறது, தேறியவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களோ... பூரித்துப்போய், நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, அதே அடியை இன்னொரு தரம் ஆடிக் காட்டினாள். கூடமே "ஓ!" என்று அலறியது.

"ஏய் லவெர்ன்! என்ன கொழுப்பு உனக்கு? என் அடியைத் திருடி என் மூஞ்சிக்கு முன்னாடியே ரெண்டு தடவை ஆடுறியா?" ஷனிஸ் கத்தினாள்.

ஆடக் கற்றுத்தரும் ஏமில்கார் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதருகே வந்தான். "அது பாராட்டு இல்லீங்க. திருடின்னு அர்த்தம். வகுப்புல யாரைப் பார்த்தும் ஆடலாம், வட்டத்துக்குள்ள வந்துட்டா சொந்தச் சரக்கு வேணும்."

கடவுளே, பாராட்டு என்று நினைத்துக் குனிந்து வேறு வைத்தாளே, காது மடல் கொதித்தது, வாசல் எந்தப் பக்கம்... ஆனால் இரு, இரு. போன வாரமும் ஷனிஸின் அடியைத்தானே ஆடினாள்? அதற்கு முந்தின வாரமும்? ஒருத்தரும் முதலை வாய் காட்டவில்லையே. யாருடைய அடி என்று தெரிந்தால்தானே காட்டுவதற்கு! இன்றைக்குத் தெரிந்திருக்கிறது. திருட்டு திருட்டாகத் தெரியும்படி ஆடியிருக்கிறாள், அந்தப் பெண்ணுக்கு மெய்யாகவே கோபம், மிஸ்ஸும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் லவெர்ன். இவ்வளவு நன்றியை நெஞ்சில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ரொம்ப நன்றிடி கண்ணு," என்றாள்.

"நன்றியா? ஆளைப் பாரு! நடுவுல வந்து உன்னோடதைக் காட்டு."

நடுவில் வந்து நின்றாள். உன்னோடதாம்... எது? மிதித்ததெல்லாம் பேருந்துக்காக, குனிந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கு இருக்கைப் பட்டை மாட்ட, இந்த உடம்பு தனக்கென்று எந்தப் பக்கம் சாயும்? ஒருவர்கூட அதை இதுவரை கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. ஷனிஸ் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் இரக்கமில்லாமல் காத்திருந்தாள்.