ஐந்தருவி ரோட்டு விலாசம்

"ஐந்தருவி ரோடு, குற்றாலம்" என்று பில்லில் இருந்த விலாசத்தை மாஜிதா வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் சிரித்துவிட்டாள்.

"சீசன் வந்தா அங்கன உப்பு டப்பாவே தண்ணி விடும். இது மட்டும் எப்படி அண்ணாச்சி தப்பிச்சுது?"

பால்வண்ணநாதனும் சிரித்தான். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவன் மனைவி ஸ்ரீமதிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மேஜைமேல், கம்ப்யூட்டரில் வீடியோ வேலைக்குப் போடுகிற அந்தக் கிராபிக்ஸ் கார்டு கிடந்தது. பங்குனி வரைக்கும் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இப்போது, அதை அவர்களிடம் விலைக்கு வாங்கி, எதிரே நிற்கும் இசக்கிசெல்விக்குச் சொந்தம். நான்கு நாளாக அதில் உயிரில்லை.

மாஜிதாவின் கடை தென்காசி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதோடு, வாரண்டி பாக்கியுள்ள பொருள்களை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிற வேலையும் அவளுக்கு உண்டு. கார்டுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் வாரண்டி இருந்தது. ஆனால் அது யார் கைக்கு மாறியிருந்தாலும், பில்லில் பெயருள்ளவர்தான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். இசக்கிசெல்வி தயங்கித் தயங்கித்தான் போன் செய்தாள். "உங்களுக்குச் சிரமம்தான்க்கா. ஒரு கையெழுத்து மட்டும்."

இசக்கிசெல்வி கீழப்பாவூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அலையாமல், தன் கையால் சம்பாதிக்கிறோம் என்ற மிதப்பு அவள் நடையிலேயே தெரியும். இன்றைக்கு அந்த நடை இல்லை. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த அட்டைப்பெட்டியை இன்னும் கையிலிருந்து விடவில்லை.

"ஆவணில ஏழு கல்யாணம் கையில கெடக்குக்கா. இதோட பொண்ணு வீட்டுக்காரவ நாலு தடவை போன் பண்ணிட்டாவ. வீட்ல அன்னைக்கே சொன்னாவ, பழசு வாங்காதட்டின்னு. நான்தான் சொன்னேன், அவுக குடும்பத்து ஆளுக, மறைச்சு விக்க மாட்டாவன்னு."

ஸ்ரீமதி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

போன வருஷம் ஆனியில் கயல் பிறந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே சாரல் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வெயிலே இல்லை. கொடியில் போட்ட துணி போட்டபடியே ஈரமாகத் தொங்கியது. குழந்தைக்கு மாற்றக் காய்ந்த சட்டை இல்லாமல் ஒரு மத்தியானம் ஸ்ரீமதி அழுதேவிட்டாள். அப்போது பால்வண்ணநாதன் என்ஜினீயர்களுக்கு வீட்டு பிளான்களை முப்பரிமாண வீடியோவாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். வேலை ஓடும்போது கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வரும். அந்த இடத்தில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, உள்ளங்கை அகலச் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டான். "ஏட்டி, இங்கன வந்து தொட்டுப் பாரு" என்று கூப்பிட்டான். தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் துணிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு வேலை இல்லாத நாளிலும் பழைய பிளான் எதையாவது ஓடவிட்டு, துணி காயட்டும் என்று உட்கார்ந்திருப்பான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவனை அவ்வளவு பிடித்தது அந்த மாதத்தில்தான். சில சட்டைகளிலிருந்து கம்ப்யூட்டர்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. யார் அதைப் பார்த்தார்கள்?

பங்குனியில் அவனுக்குத் திருநெல்வேலியில் வேலை கிடைத்தது. லேப்டாப்பும் கொடுத்தார்கள். கார்டை விற்றுவிடலாம் என்று கழற்றி வைத்துவிட்டு அவன் ஆபீஸ் போன அன்று, தூசி தட்டுவதற்காக ஸ்ரீமதி அதைக் கையில் எடுத்தாள். உள்ளே வளைந்து போகும் செம்புக் குழாய்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வாரம் தவறினால் குத்துவிளக்கில் ஏறுமே, அதே பச்சை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். புளியைக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். செம்பு பளபளவென்று வந்துவிட்டது. சாயங்காலம் அவன் கேட்டான், "என்ன, புதுசாட்டம் மின்னுது?" "துடைச்சேன்" என்றாள்.

புளி அதற்கு ஆகாது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அது நிஜம். ஆனால் பச்சை எதனால் வந்தது என்று தெரியும். வாங்க வந்த இசக்கிசெல்வி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கக்கா" என்றபோது ஸ்ரீமதி காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

மாஜிதா ஒரு தாளை நகர்த்தினாள். "தண்ணி, ஈரம் ஏதும் பட்டிருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லன்னா இல்லைல டிக் போடுங்க, இன்னைக்கே அனுப்பிருதேன். ஆமான்னா வாரண்டி கெடையாது, இங்கனயே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்காவ."

பேனா தாளுக்கு மேலே நின்றது. பால்வண்ணநாதன் மனைவியைப் பார்த்தான். அந்தக் கயிறு அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நாலு சட்டை காயப் போட்டதெல்லாம் ஒரு ஈரமாட்டி?" என்றான் தணிந்த குரலில்.

அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். அவன் 'இல்லை'யில் டிக் போட்டான்.

"நான் சொன்னேம்லா!" என்று இசக்கிசெல்வி மாஜிதாவைப் பார்த்துச் சொன்னாள். அட்டைப்பெட்டியை ஒருவழியாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, "என் தங்கம், வாரியா?" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். கயல் ஒட்டிக்கொண்டது.

மாஜிதா அனுப்புவதற்கு முன் போட்டோ எடுப்பதற்காகச் செல்போன் வெளிச்சத்தைக் கார்டுக்குள் அடித்தாள். கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டு வருசக் கார்டுல செம்பு இப்படி மின்னி நான் பாத்ததில்ல. ஓரத்துல பாருங்க, அடிபோர்டுல கருப்பா அரிச்சிருக்கு." இடுக்கியை உள்ளே விட்டு மெல்ல எதையோ இழுத்தாள். பழுப்பு நிறத்தில், தலைமுடியைவிடக் கொஞ்சம் கனமாக ஒன்று வந்தது. தாளின்மேல், அந்த டிக்கின் பக்கத்தில் வைத்தாள். "என்னது இது? தேங்கா நாரா?"

"தெரியலையே" என்றான் பால்வண்ணநாதன். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் ஸ்ரீமதியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"புளி" என்றாள்.

"என்னதுக்கா?"

"புளி நாரு. பச்சையா ஏறியிருந்துச்சு. நான்தான் விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சேன். இவுகளுக்குத் தெரியாது." குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "ஈரம் பட்டுருக்கு இசக்கி. நல்லாவே பட்டுருக்கு. நீ வாங்க வந்தப்பவே எனக்குத் தெரியும்."

பால்வண்ணநாதன் பேனாவை மூடினான், திறந்தான். மாஜிதா செல்போன் வெளிச்சத்தை அணைத்தாள். இசக்கிசெல்வி ஸ்ரீமதியைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

வாசலில் வெயில் அடித்தபடியே சாரல் விழத் தொடங்கியது. காற்றில் தாள் லேசாக எழும்பி அமர்ந்தது. அதன்மேல் கிடந்த நார் அசைந்தது. கயல் அதைக் கண்டு குனிந்து, இரண்டு விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. இசக்கிசெல்வி அந்தக் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாரை எடுத்து, தன் முந்தானையால் குழந்தையின் கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.