ஜன்னலடித் தொட்டி

வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. விடிகாலையில் உயிர் பிரிந்த அப்பாவை வராந்தா வழியாகத்தான் தூக்கிப் போக வேண்டும். தம்பி பூந்தொட்டிகளை ஒதுக்கத் தொடங்க, அவளும் ஒரு கை கொடுத்தாள். ஜன்னலடித் தொட்டியைத் தூக்கியதும் அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீர் கொட்டி அவள் பாதங்களை நனைத்தது.

அது ஃபுட்பால் லில்லி. கப்பலில் இயந்திரம் பார்த்த காலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அப்பா அந்தக் கிழங்கைக் காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒரே ஒரு பூ, சிவப்பாக, பந்து மாதிரி. இலையும் காய்ந்துவிட்டால் அடுத்த முளை வரும்வரை வெறும் மண்தான்.

"தொர தூங்குறாரு. அவரா எட்டிப் பாக்குற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது" என்பார் அப்பா.

படுக்கையில் விழுந்த பிறகு தாழ்வான அந்த ஜன்னல் வழியாக அதையே பார்த்துக் கிடந்தார். "இந்தத் தடவையும் பாத்துட்டா போதும்" என்றார் ஒருநாள். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அதுதான் அவளை அரித்தது. அவர் கண்ணசந்த நேரம் பார்த்து, சாயங்காலந்தோறும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவந்தாள். முளை சீக்கிரம் வந்துவிடாதா என்ற நப்பாசை.

ஆனால் ஒரு குவளைக்கு இவ்வளவு தண்ணீரா?

தம்பி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் காலைல கொஞ்சமாத்தான்க்கா ஊத்துனேன்" என்றான்.

"நீயுமாடா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா வாய் திறந்தாள். "ராத்திரி மாத்திர குடுத்துட்டு, மிச்சத் தண்ணிய நானும்..."

அவள் மண்ணுக்குள் விரலை விட்டாள். கிழங்கு கொழகொழவென்று விரலோடு வந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. அப்பா ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை மூன்று பேருமாகச் சேர்ந்து அழுகவைத்திருந்தார்கள். காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடிருடி. அப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

அவள் மண்ணைத் தள்ளி மூடித் தட்டிவிட்டாள். தம்பி தொட்டியைத் தூக்கி, கட்டிலிலிருந்து தெரியும்படி ஜன்னல் திட்டின் மேல் வைத்தான். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தூக்குகிறவர்களுக்கு வழுக்கிவிடக் கூடாதென்று, அம்மா குனிந்து பழந்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.