லேஸ் கட்டுகிற நேரம்

கடைக்குள் நுழைந்ததும் ஏணி செய்த முதல் காரியம், உட்கார்ந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியாகப் பார்த்து, பையை மடியில் வைத்து, நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மகள் பக்கத்து நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற வாரம் என்பதால் கடையில் கூட்டம் நெரிந்தது. விற்பனைப் பெண்கள் அட்டைப்பெட்டிகளை நெஞ்சோடு அணைத்தபடி அலமாரிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சண்ட போட மாட்டேன்னு சொல்லித்தானம்மா கூட்டிட்டு வந்த?" என்றாள் மகள்.

"யாருடி சண்ட போட்டா? ஷூ கடையில வந்து உக்காந்தா அது சண்டையா?"

இந்தக் கடையில் அது சண்டைதான். மேல்தட்டுப் பெட்டியை ஏணி போடாமல் எட்டி எடுப்பவள் என்பதால் அவளுக்கு ஏணி என்ற பட்டப்பெயர் வந்ததும் இங்கே வேலை பார்த்தபோதுதான். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பெண்கள் நிற்க வேண்டும். ஈ, காக்கை இல்லாத மத்தியான நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட முதலாளி கல்லாவிலிருந்து கைதட்டுவார். அவர்களுக்கென்று வாய்த்த ஒரே இடம், நாற்காலிகளுக்கு முன்னால் கிடந்த குட்டை முக்காலிகள். ஷூ போட்டுக் காட்டும்போது அதில் உட்காரலாம். வாடிக்கையாளர் எழுந்தால் அவர்களும் எழுந்துவிட வேண்டும்.

ஆக, லேஸ் கட்டுகிற நேரம்தான் உட்காருகிற நேரம். அதனால் அந்தக் கடையில் லேஸ் கட்டுவதை ஒரு பூஜைபோலச் செய்தார்கள். ஒவ்வொரு துளையாகக் கோத்து, இழுத்துப் பார்த்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்குங்க" என்று அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டுவார்கள். வாடிக்கையாளருக்கும் மனசு குளிர்ந்துபோகும், எவ்வளவு அக்கறை பார் என்று. முழங்காலில் எப்போதும் பட்டை சுற்றியிருக்கும் பெரியக்கா இதில் கைதேர்ந்தவள். ஒரு ஜோடி லேஸை வைத்துக்கொண்டு அவள் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடுவாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஏணி மாட்டிக்கொண்டது ஒரே ஒரு தடவை. வாடிக்கையாளர் எழுந்து போன பிறகும் அவள் முக்காலியை விட்டு எழவில்லை. குதிகாலில் உயிர் போகிற வலி. ஒரு மூச்சு விட்டுக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். முதலாளி கேமராத் திரையில் பார்த்துவிட்டார். அத்தனை பேர் முன்னால், "உக்காரணும்னா வீட்ல போயி உக்காரு" என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

இப்போது அவளுக்குத் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். இங்கே உட்கார விடவில்லை, அங்கே எழுந்திருக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு நூலை வெட்டும்போதும் முதலாளியின் மீசையிலிருந்து ஒரு மயிரை வெட்டியதாக நினைத்துக்கொள்வாள். அப்படிப் பார்த்தால் அவருக்கு எப்போதோ மீசை தீர்ந்திருக்க வேண்டும். அவள் ஆத்திரம் மட்டும் தீரவில்லை.

மகளுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. செருப்புப் போட்டு வரக்கூடாது, கறுப்பு லேஸ் ஷூதான், அதுவும் இந்தக் கடையில் வாங்கியதுதான் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். வேறு அம்மாவாக இருந்தால் நொந்துகொண்டிருப்பாள். ஏணிக்குத் தலைகால் புரியவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எவரும் எழுப்ப முடியாதபடி, அதே கடையில் போய் உட்காரலாம்!

பெரியக்காதான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த பெட்டி நழுவப் பார்த்தது.

"அடிப்பாவி! நீ எங்கடி இங்க?"

"கஸ்டமரா வந்திருக்கேன்க்கா. பாப்பா பெரிய பள்ளிக்கூடம் போறா."

"அட என் தங்கமே!" பெரியக்கா மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு முக்காலியை இழுத்தாள். "காலக் குடு கண்ணு. அக்கா நல்லதா எடுத்துத் தரேன்."

"நீ போட வேணாம்க்கா. அவரு வந்து போடட்டும்."

பெரியக்கா கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பைத்தியமாடி உனக்கு? வாங்கினோமா போனோமான்னு இரு."

"இதுக்குத்தான்க்கா வந்தேன். நீ நகரு."

சொன்னதோடு நிற்கவில்லை. "முதலாளி!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுத்தாள். "கொஞ்சம் வாங்க. எம் பொண்ணுக்கு நீங்கதான் ஷூ போட்டுக் காட்டணும்."

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரிந்த கணத்தில் முகம் சுருங்கியது. ஆனால் கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு பையனின் அப்பா, "போங்க முதலாளி, ஆசப்பட்டுக் கூப்பிடறாங்க" என்று சிரித்தார். முதலாளி மச்சானைக் கல்லாவில் உட்கார்த்திவிட்டு வந்தார்.

"வாங்க மேடம். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"நீங்கதானே வீட்ல போயி உக்காரச் சொன்னீங்க? உக்காந்து பாத்தேன். கடையில உக்கார்ற மாதிரி வரல."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வேட்டியைச் சுருட்டி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முக்காலியில் இறங்கினார். ஏணி உயரமானவள். அவருடைய வழுக்கையை எத்தனையோ நாள் நின்றபடி பார்த்திருக்கிறாள். உட்கார்ந்தபடி பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது இன்னும் நன்றாக இருந்தது.

முதல் ஜோடியில் மகளுக்குக் குதிகால் கடித்தது. இரண்டாவது அகலம். கொஞ்சம் பெரிதாக எடுத்தால் அடுத்த வருஷமும் வரும் என்றார் முதலாளி. "நடந்தா கழண்டு வராம இருக்கணுமே" என்று ஏணி அதையும் கழற்றச் சொன்னாள். மூன்றாவது ஜோடி பளபளவென்று, உள்ளே மெத்தென்று இருந்தது. போட்டதுமே மகளின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதும்மா. இதே போதும்மா."

"இரு. முதலாளி, இந்தப் பக்கம் லேஸ் கொஞ்சம் ஏறியிருக்குங்க. அவுத்துக் கட்டுங்க."

அவர் அவிழ்த்துக் கட்டினார்.

"இப்ப எறங்கிடுச்சு."

மறுபடி கட்டினார். அவருக்குச் சரியாக முடிச்சுப் போடவும் தெரியவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அலமாரி ஓரத்தில் பெண்கள் பெட்டிகளால் வாயை மறைத்துக்கொண்டார்கள். பெரியக்காவின் தோள்கூடக் குலுங்கியது. ஏணியின் அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. இவ்வளவு நாள் வெட்டிய நூலெல்லாம் இதற்குத்தான் என்று இருந்தது.

மகள் எழுந்து கண்ணாடி வரைக்கும் நடந்து திரும்பினாள். ஷூ டக் டக் என்றது. "கழட்ட வேண்டாம்மா, போட்டுட்டே வரேன்" என்றாள். ஏணி தலையை நிமிர்த்திக்கொண்டு கல்லாவுக்குப் போய் மச்சானிடம் பணத்தைக் கொடுத்தாள். மகளின் பழைய செருப்பைப் பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு, முதலாளியின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பினாள்.

அவர் இன்னும் முக்காலியில்தான் இருந்தார். காலை நீட்டிக்கொண்டு, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"அட" என்றார். "சொகமாத்தான் இருக்கு."

பெண்களின் சிரிப்பு நின்றது.

"காத்து நேரா வருது. இடுப்புக்கும் எதமா இருக்கு. எந்திரிக்கவே மனசு வரல." அவர் பெரியக்காவைப் பார்த்தார். "ஒரு லேஸ் கட்ட ஏன் இவ்வளவு நேரம் ஆவுதுன்னு எனக்கு வருஷக்கணக்கா வெளங்கல. இப்பல்ல வெளங்குது."

"இல்லீங்க முதலாளி, கூட்டத்துல..."

"இங்க கெடக்குற முக்காலி எல்லாத்தையும் எடுத்து குடோன்ல போடு."

"அப்புறம் எப்படிங்க போட்டுக் காட்டறது?"

"முட்டி போட்டுக் காட்டு. முட்டி வலிச்சாத்தான் சீக்கிரம் எந்திரிக்கத் தோணும்."

ஏணி பெட்டியோடு திரும்பி வந்தாள். "வம்பு பண்ணது நான். என்னக் கேளுங்க. அவங்க என்ன செஞ்சாங்க?"

"வம்பா?" முதலாளி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். குரலில் தேன் ஒழுகியது. "நீங்க கஸ்டமருங்க மேடம். என் கண்ணத் தொறந்து விட்டீங்க. உங்களுக்கு நாந்தான் நன்றி சொல்லணும்."

இவரை அடித்தால் என்ன என்று ஏணிக்குக் கை துறுதுறுத்தது. அடித்தாலும் அது யார் தலையில் விடியும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை பெட்டியையே இறுக்கிக்கொண்டது. இரண்டு பெண்கள் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள்.

"பாரு, பாப்பாவுக்கு லேஸ் அவுந்து கெடக்கு" என்றார் முதலாளி பெரியக்காவிடம். "தடுக்கி விழப் போவுது. கட்டி விடு."

அவர் போட்ட முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது. "நானே கட்டிக்குவேன்" என்று மகள் காலைப் பின்னால் இழுத்தாள். முதலாளி அசையாமல் நின்றார். பெரியக்கா நாற்காலியின் கையைப் பிடித்து, பட்டை சுற்றிய முழங்காலை முதலிலும் மற்றதைப் பிறகுமாகத் தரையில் ஊன்றினாள். எலும்பு சொடுக்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, வேணாம்க்கா. எந்திரிக்கா, நான் கட்டறேன்." ஏணி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

பெரியக்கா நிமிரவில்லை. தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க மேடம்" என்றாள்.

லேஸை இரண்டே இழுப்பில் கட்டி முடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிடிமானம் தேடித் தரையில் தடவிய கை, மகளின் புது ஷூவை இறுகப் பற்றிக்கொண்டது.